போல்ட், நட்டு, ஸ்க்ரூ, ரிவெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் ஸ்பேனர் பிடித்தவன் நான். இப்போது சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை. வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம் என்றுதான் இது. தச்சர், ஃபேப்ரிகேஷன் ஆட்கள், பைக் மெக்கானிக், ‘வீட்டுச் சுவரில் ஒரு ஷெல்ஃப் மாட்டணும்’ என்று வருகிறவர் என்று எல்லாரும் கேட்ட கேள்விகள் கலந்து கிடக்கின்றன.

போல்ட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் என்ன வித்தியாசம்?

மறுபக்கம் நட்டு போட்டு முறுக்கினால் போல்ட். எதிரில் இருக்கும் மரத்திலோ உலோகத்திலோ நேரடியாக மரை பிடித்து இறங்கினால் ஸ்க்ரூ. ஒரே பொருளே இடத்தைப் பொறுத்து இரண்டாகவும் இருக்கும். கடையில் இந்த வாதம் தேவையில்லை. ‘ஃபுல் த்ரெட்டா, ஹாஃப் த்ரெட்டா’ என்பதைச் சொன்னால் போதும்.

சரி, போல்ட் எப்படித்தான் பிடித்துக்கொள்கிறது?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பலரும் போல்ட்டை ஒரு தடித்த ஆணியாக நினைக்கிறார்கள். துளைக்குள் குறுக்கே நின்று தகடுகளை நகரவிடாமல் தடுக்கிறது என்று. உண்மையில் இறுக்கிய போல்ட் இழுத்து வைத்த ஸ்பிரிங். நட்டை முறுக்க முறுக்க போல்ட் நீள்கிறது; சுருங்கப் பார்க்கிறது; அந்தச் சுருங்கும் ஆசைதான் இரண்டு தகடுகளையும் சேர்த்து அமுக்குகிறது. அப்படி அமுங்கியதால் வரும் உராய்வுதான் தகடுகளை நகரவிடாமல் வைத்திருக்கிறது.

கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எம் 8 போல்ட் (மரையின் விட்டம் 8 மி.மீ.), 8.8 கிரேடு (பலத்தின் தரம், கீழே சொல்கிறேன்). 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையை 10 கிலோ விசையில் இழுக்கிறீர்கள். அது சுமார் 25 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை. அதற்கு அந்தச் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத போல்ட் தகடுகளை அமுக்கும் விசை ஏறத்தாழ ஒன்றரை டன். இவ்வளவுக்கும் நீங்கள் கொடுத்த உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் போகிறது. மீதி ஒன்பது பங்கும் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகக் கரைந்துவிடுகிறது.

எவ்வளவு நீளும்? 40 மி.மீ. தடிமனைப் பிடிக்கும் எம் 8 போல்ட் ஒன்றரை டன்னில் 0.08 மி.மீ. நீளும். ஒரு தலைமுடி தடிமன். அந்தத் தலைமுடியைத்தான் நாம் காப்பாற்ற வேண்டும். இடையில் கெட்டியாகப் பெயின்ட், துரு, வெட்டிய விளிம்பின் பிசிறு, ரப்பர் என்று எது இருந்தாலும், நாளாக ஆக அது நசுங்கி அரை முடி அளவு இடம் விட்டால் போதும், பிடிமானத்தில் பாதி போய்விடும். யாரும் நட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்கள், ஆனால் லூஸ்.

எண்ணெய் தடவி முறுக்கலாமா?

தடவலாம், ஆனால் அதே டார்க் வைக்கக் கூடாது. உராய்வு குறைந்தால் அதே கைவிசைக்கு போல்ட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். உலர்ந்த போல்ட்டுக்குச் சொன்ன டார்க்கை எண்ணெய் போட்ட போல்ட்டுக்கு வைத்தால், 8.8 போல்ட்டாக இருந்தாலும் விளிம்புக்குப் போய்விடும். கார் வீல் நட்டுக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எழுதியிருக்கிறதே, என்ன அது?

முதல் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஒரு சதுர மி.மீ.க்கு எத்தனை கிலோ இழுத்தால் அறும் என்று தோராயமாகக் கிடைக்கும். 8 என்றால் 80 கிலோ. புள்ளிக்குப் பிறகு வரும் எண், அதில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும் என்பது. .8 என்றால் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 64 கிலோ. அதைத் தாண்டினால் ஸ்பிரிங் தன்மை போய்விடும், இழுத்துக் கெட்ட ரப்பர் பேண்டு மாதிரி.

எம் 8 மரையில் பாரம் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 36.6 சதுர மி.மீ. ஆக 8.8 போல்ட் அறுவதற்கு மூன்று டன் அளவுக்கு வேண்டும். தலையில் ஒன்றுமே எழுதாத, எடை போட்டு விற்கும் சாதா போல்ட் பெரும்பாலும் 4.6 தரத்தை ஒட்டியதுதான். அது 900 கிலோவிலேயே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். மேலே சொன்ன அதே 25 நியூட்டன் மீட்டரை அதற்கு வைத்தால் கழுத்து மெலிந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது போதும். மோட்டார் பேஸ், வண்டியின் பிரேக், தூக்குகிற எதுவும் என்றால் எண் போட்ட போல்ட்தான்.

12.9 தான் எல்லாவற்றிலும் நல்லது என்று நினைத்து எங்கும் அதையே கேட்கிறவர்கள் உண்டு. அது கடினம், அதனாலேயே உடையாமல் வளைந்து கொடுக்கும் தன்மை குறைவு. அதற்கு ஜிங்க் முலாம் பூசினால், பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜனால் இறுக்கிய பிறகு சில மணி நேரத்தில், சில நாளில் தானாகப் பட்டென்று உடையும் ஆபத்து உண்டு. 12.9 ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) எல்லாம் ஏன் கறுப்பாகவே வருகிறது என்றால் இதுதான் காரணம்.

‘மூணு நூல் போல்ட்’ என்றால் 10 எம்எம் போல்ட்தானே?

இல்லவே இல்லை. கடையில் அதிகம் சண்டை வரும் இடம் இது.

ஒரு இஞ்சில் எட்டு நூல். மூணு நூல் என்றால் 3/8 இஞ்ச், அதாவது 9.5 மி.மீ. பார்வைக்கு எம் 10 போலவே இருக்கும். பழைய இங்கிலீஷ் அளவான விட்வொர்த்தில் அதற்கு இஞ்சுக்கு 16 மரை, அதாவது மரைக்கு மரை 1.59 மி.மீ. எம் 10 சாதா மரையில் 1.5 மி.மீ. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60 டிகிரி. 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் வகுத்த அளவு அது. நம் ஊர் பழைய லேத்திலும் மோட்டாரிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எம் 10 போல்ட்டை மூணு நூல் நட்டில் விட்டால் ஏறாது, சரி, ஆபத்தில்லை. மூணு நூல் போல்ட்டில் எம் 10 நட்டு போட்டால் லொடலொடவென்று ஏறும். இறுக்கினால் இறுகின மாதிரியும் இருக்கும். மரையின் முனைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், பாரம் வந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். ரெண்டரை நூலுக்கும் எம் 8-க்கும், நாலு நூலுக்கும் எம் 12-க்கும் இதே குழப்பம்தான். பழைய மிஷினுக்கு போல்ட் வாங்க வந்தால் உடைந்த போல்ட்டோடு, முடிந்தால் அதன் நட்டையும் கொண்டு வாருங்கள். மரை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று எந்தப் பட்டறையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தெரிந்த போல்ட்டை அதன்மேல் பல்லோடு பல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், இடையில் வெளிச்சம் தெரிந்தால் வேறு மரை.

‘கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கு’ என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1990 ஜூன் 10-ஆம் தேதி நடந்தது ஒன்றைச் சொல்வேன். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், 17,000 அடிக்கு மேல் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. தலைமை விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். விமானி பிழைத்தார். முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு ஸ்டோரில் எடுத்த போல்ட்கள் போடப்பட்டிருந்தன. 90-இல் 84 போல்ட் விட்டத்தில் 0.66 மி.மீ. சிறியவை. முறுக்கியபோது அவை இறுகின மாதிரிதான் இருந்திருக்கின்றன.

எம் 8 போல்ட்டுக்கு 8-ஆம் நம்பர் ஸ்பேனர் சேரவில்லையே?

எம் 8 என்பது மரையின் வெளிவிட்டம். ஸ்பேனர் எண் தலையின் அகலம். எம் 6-க்கு 10, எம் 8-க்கு 13, எம் 10-க்கு 17, எம் 12-க்கு 19. புதிய ஐஎஸ்ஓ அளவில் கடைசி இரண்டும் 16, 18 ஆகிவிட்டன, அதனால் இரண்டு வகையும் சந்தையில் கலந்து ஓடுகின்றன. ஆலன் போல்ட் என்றால் எம் 6-க்கு 5, எம் 8-க்கு 6, எம் 10-க்கு 8 ஆலன் கீ. மரை போட வேண்டுமென்றால் துளை எம் 6-க்கு 5 மி.மீ., எம் 8-க்கு 6.8, எம் 10-க்கு 8.5. இந்த வரியைக் கிழித்து டூல் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறேன், இருந்தும் கழண்டுவிடுகிறது. ஏன்?

இதைச் சொன்னால் பழைய ஃபிட்டர்கள் கோபப்படுவார்கள். நானும் முப்பது வயதுவரை கோபப்பட்டவன்தான். ஸ்பிரிங் வாஷர் அதிர்வைத் தடுப்பதில் அநேகமாக ஒன்றுமே செய்வதில்லை.

ஒன்றரை டன் அமுக்கத்தில் அந்த வாஷர் ஆரம்பத்திலேயே தட்டையாகிவிடுகிறது; அதன் ஸ்பிரிங் விசை அதன்முன் ஒரு பொருட்டே இல்லை. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இதைச் சோதித்துக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வு அவ்வளவாகக் கழற்றாது. தகடுகள் பக்கவாட்டில் முன்னும் பின்னும் வழுக்கினால்தான் நட்டு தானாகத் திரும்பும் என்று கண்டுபிடித்து, அதற்கென்று ஒரு சோதனை இயந்திரமும் செய்தார். இன்றும் நட்டு பூட்டுகிற முறைகளை அந்த முறையில்தான் சோதிக்கிறார்கள். ஸ்பிரிங் வாஷர் போட்டதும் போடாததும் அதில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கழல்கின்றன.

அப்படியென்றால் முதல் மருந்து சரியான இறுக்கம். தகடு வழுக்கவே வழுக்காத அளவுக்கு அமுக்கினால் நட்டு கழல வழியே இல்லை. அதற்குமேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நைலாக் நட்டு: மேலே நைலான் வளையம் உள்ளது, நல்லது, ஆனால் 120 டிகிரிக்கு மேல் நைலான் நிற்காது, சைலன்சர் பக்கம் போடாதீர்கள். கழற்றிய நைலாக்கைக் கையால் சுற்றினால் கடைசிவரை ஏறுகிறதா, தூக்கிப் போடுங்கள். மரைப் பசை: நீலம் என்றால் ஸ்பேனரில் கழற்றலாம், சிவப்பு என்றால் சூடு காட்டினால்தான் விடும். அந்தப் பசை புட்டியில் பாதி காலியாக வருவதைப் பார்த்து ‘ஏமாத்துறீங்க’ என்று ஒருவர் சண்டை போட்டார். அது காற்று படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும் பசை. புட்டியில் காற்று இல்லையென்றால் கடைக்கு வருவதற்குள் உள்ளேயே இறுகிப் போயிருக்கும்.

வீல் ஆக்ஸில், ஸ்டீயரிங் மாதிரி உயிர் போகிற இடத்தில் மேலே வெட்டுகள் உள்ள காசல் நட்டும், அதன் வழியே குறுக்கே விட்டு மடக்கும் காட்டர் பின்னும்தான். அது இறுக்கத்தைக் காக்காது. நட்டு கழன்று விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் அதுதான் வேண்டும்.

டபுள் நட்டு போடும்போது மெல்லிசு கீழேயா மேலேயா?

மெல்லிசு கீழே, தடிசு மேலே. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தலைகீழாகப் போடுகிறார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று எதிர்த்து இறுக்கியதும் பாரம் மேல் நட்டுக்குப் போய்விடுகிறது, அதனால் தடித்தது மேலே இருக்க வேண்டும்.

சாதா வாஷர் எதற்கு?

பாரத்தைப் பரப்ப, நீளத் துளையை மூட, பெயின்ட் உரியாமல் இருக்க. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால் நீங்கள் திருப்புகிற பக்கம் போடுங்கள், அது தலையோ நட்டோ.

மோட்டார் பேஸ் போல்ட் மாசத்துக்கு ஒரு தடவை உடைகிறது. இன்னும் தடிசாகப் போட்டுவிடவா?

அவசரப்படாதீர்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒருமுறை எம் 12 போல்ட் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். முக்கால்வாசி மழமழவென்று, கிளிஞ்சல் ஓட்டில் இருக்கும் வரிவரியான கோடுகளோடு இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பிறை மட்டும் மணல்மணலாகச் சொரசொரப்பு. அப்படியென்றால் அது பாரம் தாங்காமல் அறவில்லை. ஒரு விரிசல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் அந்தப் பிறை மட்டும் மிச்சமிருந்தபோது விட்டுவிட்டது. களைப்பு முறிவு என்பார்கள்.

நன்றாக இறுகிய போல்ட்டுக்கு வெளியே ஆட்டம் வந்தாலும் அதில் சிறு பங்குதான் போய்ச் சேரும். மீதியைத் தகடுகளே தாங்கிக்கொள்ளும். லூசான போல்ட் மொத்த ஆட்டத்தையும் வாங்கிக்கொள்ளும். அந்த மோட்டாரின் நாலு காலில் ஒன்று தரையைத் தொடவில்லை, அடியில் மூன்று கோட் பெயின்ட் வேறு. பெயின்ட்டைச் சுரண்டி, இடைவெளியை அடைக்கும் மெல்லிய ஷிம் தகடு வைத்து, அதே எம் 12-ஐ டார்க் ரெஞ்சில் இறுக்கினோம். அதற்குப் பிறகு நான் இருந்தவரை அது உடையவில்லை.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போட்டால் கவலையே இல்லையா?

துருவுக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. வேறு கவலைகள் உண்டு.

தலையில் ஏ2-70 என்று இருந்தால் 304 எஃகு, ஏ4 என்றால் 316. 70 என்பது சதுர மி.மீ.க்கு 70 கிலோ, அதாவது 8.8-ஐ விடக் குறைவு. 8.8 இருந்த இடத்தில் யோசிக்காமல் எஸ்எஸ் போடாதீர்கள். கடலோரத்தில் 304-உம் பழுப்புப் புள்ளி போட்டுவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களுக்கு 316 வாங்குங்கள், அதில் சேரும் மாலிப்டினம்தான் உப்பைத் தாங்க வைக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து 304 என்று உறுதி செய்யும் பழக்கத்தை விடுங்கள். மலிவான 202-உம் காந்தத்தில் ஒட்டாது.

இன்னொன்று, எஸ்எஸ் போல்ட்டில் எஸ்எஸ் நட்டை மிஷின் வைத்து வேகமாக ஏற்றினால் பாதி வழியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது, அறுத்துத்தான் எடுக்கணும். மரையில் காப்பர் கிரீஸ் தடவி, கையால் நிதானமாக ஏற்றுங்கள்.

மரத்துக்குக் கறுப்பு ஸ்க்ரூ போடலாமா? தச்சர் அதுதான் போடுகிறார்.

ஜிப்சம் போர்டுக்கு வந்த ஸ்க்ரூ அது. வேகமாக இறங்குகிறது, விலை குறைவு, அதனால் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் கடினமாக்கிய எஃகு என்பதால் குறுக்கே பாரம் வந்தால் வளையாது, பட்டென்று உடையும். ஈரம் பட்டால் துரு. அலமாரி கீலுக்கும், பாரம் தாங்கும் ஷெல்ஃபுக்கும் வேண்டாம். அதற்கு மரத்துக்கென்று உள்ள ஸ்க்ரூ வாங்குங்கள். ‘35-8’ என்று கேட்டால் 35 மி.மீ. நீளம், 8-ஆம் நம்பர், அதாவது 4.2 மி.மீ. தடிமன்.

தேக்கு, வேங்கை மாதிரி கெட்டி மரத்தில் முதலில் சின்னத் துளை போட்டே ஆக வேண்டும். மரையில் சோப்பையோ மெழுகையோ ஒரு இழுப்பு தடவிக்கொண்டால் திருப்புளி வழுக்காமல் இறங்கும். பித்தளை ஸ்க்ரூ என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரை போட்டுவிட்டு, பிறகு பித்தளையை விடுங்கள். நேரடியாக விட்டால் தலை கையோடு வந்துவிடும். ஓரத்தில் ஆணி அடித்தால் மரம் பிளக்கிறதா? ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி மழுக்கிவிட்டு அடியுங்கள். கூர்முனை நாரைப் பிளந்துகொண்டு போகும், மழுங்கிய முனை நாரை நசுக்கி வழி செய்யும்.

சுவரில் போட்ட ஸ்க்ரூ நிற்க மாட்டேன் என்கிறது.

முன்பெல்லாம் சுவரைக் கொத்தி மரக்கட்டை பதித்துப் பூசுவார்கள். 1910-ஐ ஒட்டி லண்டனில் ஜான் ராலிங்ஸ் என்பவர் நாரில் சிறிய பிளக் செய்தார்; அவர் பெயரில்தான் நாம் இன்றும் ‘ரால் பிளக்’ என்கிறோம். 1958-இல் ஜெர்மனியின் ஆர்டர் ஃபிஷர் நைலானில் செய்தார். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: ஸ்க்ரூ உள்ளே போகும்போது பிளக் விரிந்து துளைச் சுவரை அமுக்க வேண்டும். ஆக, துளை பெரிதாகிவிட்டால் கதை முடிந்தது. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட். தூசியை ஊதி எடுங்கள். பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கலுக்குள் போகும் நீளம் வேண்டும்.

சின்ன பிளக் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவரில் பிடிக்காது. அது பிஸ்கட் மாதிரி பொடியும். அதற்கு நீளமான தனி வகை பிளக் அல்லது கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை விட்டுப் பதிக்கும் போல்ட். கெமிக்கல் ஆங்கரில் தூசி எடுக்காமல் விட்டால் பசை தூசியோடு ஒட்டிக்கொள்ளும், சுவரோடு ஒட்டாது. பிரஷ் விட்டு, ஊதி, மறுபடி பிரஷ் விட்டு ஊத வேண்டும். கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடிக்கும்போது ஓரத்தை ஒட்டி அடிக்காதீர்கள், அது விரிகிற விசையில் ஓரமே பிளந்து வரும். மின்விசிறியை பிளாஸ்டிக் பிளக்கில் தொங்கவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது.

கூரை ஷீட்டுக்கு ஜே போல்ட்டா, செல்ஃப் டிரில்லிங்கா?

சிமென்ட் ஷீட்டுக்குக் கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட், தார் வாஷர். கலர் ஷீட்டுக்கு முனையில் டிரில் பிட் உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. இதில் கவனிக்க வேண்டியது அந்த ரப்பர் வாஷர். ஓரத்தில் லேசாகப் பிதுங்கினால் சரி; நசுங்கித் தட்டையாகிவிட்டால் அடுத்த மழையிலோ அதற்கடுத்த மழையிலோ ஒழுகும். கோணலாக இறங்கியதும் ஒழுகும். காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே உறிஞ்சுவதில்தான் சேதம் செய்கிறது, அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும் அதிகம். 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டா பக்கம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓரத்து வரிசையில் ஸ்க்ரூ எண்ணிக்கையைக் கூட்டுங்கள், காசு மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

ரிவெட் காலம் முடிந்துவிட்டதா?

பாலம் கட்டுகிற சூட்டு ரிவெட் காலம் முடிந்தது. ஈபிள் கோபுரத்தில் 25 லட்சம் ரிவெட். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் எஃகு வேலையும் ரிவெட்தான். 2025-இல் திறந்த புதியதில் பற்றவைப்பு. சிவக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் விட்டு மறுமுனையைத் தட்டித் தலை செய்வார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை அமுக்கும். பாருங்கள், இங்கும் அதே ஸ்பிரிங் கதைதான், ஸ்பேனருக்குப் பதில் சூடு.

கைக் கருவியால் இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கை எட்டும் இடத்துக்கு அதைவிட வசதி இல்லை. 4 மி.மீ. ரிவெட்டுக்கு 4.1 மி.மீ. துளை. தகடுகளின் மொத்த தடிமன் பெட்டியில் போட்டிருக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

எந்தெந்த இடத்தில் இடதுபக்க மரை?

சைக்கிளின் இடது பெடல், டேபிள் ஃபேன் இறக்கையின் மூடி, கேஸ் வெல்டிங்கில் அசிட்டிலின் பக்கத்து நட்டு. அசிட்டிலின் நட்டின் மூலைகளில் ஒரு வெட்டு இருக்கும், இருட்டில் விரலாலேயே தெரியும்.

ஆயில் மாற்றப் போன இடத்தில் ‘டிரெயின் போல்ட் மரை போயிடுச்சு’ என்கிறார்கள். இஞ்சினையே மாற்றணுமா?

மாற்ற வேண்டாம். என் பைக்குக்கே நடந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் பையன் ஒருவன் நீள ஸ்பேனரை வைத்து மொத்த உடம்பையும் சாய்த்து இறுக்கினான். அடுத்த முறை கழற்றியபோது போல்ட்டோடு அலுமினிய மரை சுருள் சுருளாக, முறுக்கு மாதிரி வெளியே வந்தது. எஃகு போல்ட், அலுமினிய உடம்பு; எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. கையில் இருந்த ஒரு சின்ன வாஷரை மாற்றியிருந்தால் ஒழுகாமல் இருந்திருக்கும், இறுக்கத்தைக் கூட்டியதால் வந்த வினை.

தீர்வு ஹெலிகாயில். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, தனி டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு, ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே திருகிவிடுவார்கள். உள்பக்கம் பழைய அளவு மரையே கிடைக்கும், முன்பைவிட உறுதியாக. ஸ்பார்க் பிளக் மரை போனாலும் இதேதான். அலுமினியத்தில் போல்ட் உள்ளே இறங்கும் நீளம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். எஃகில் ஒரு மடங்கு போதும். எஃகில் அதற்குமேல் நீளம் கூட்டினாலும் பெரிய லாபம் இல்லை, பாரத்தில் மூன்றில் ஒரு பங்கை முதல் மரையே வாங்கிக்கொள்கிறது.

துருப்பிடித்த நட்டு அசைய மாட்டேன் என்கிறது. தலையும் உடைந்துவிட்டால்?

முதலில் முந்தின நாள் இரவே துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். காலையில் தலையில் சுத்தியலால் நாலு அடி, துரு பிளவதற்கு. பிறகு கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் ஒரு இழை திருப்பிப் பாருங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் விட்டுவிட்டது. அப்படியும் வரவில்லையென்றால் எண்ணெயைத் துடைத்துவிட்டு நட்டைச் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்து இடம் கொடுக்க வேண்டும்.

துளைக்குள்ளேயே உடைந்தால் பலரும் ஈசி அவுட்டை (உடைந்த போல்ட்டில் துளை போட்டு, உள்ளே திருகி வெளியே எடுக்கும் கருவி) தேடுவார்கள். அது கடின எஃகு. அது உள்ளே உடைந்தால் அதன்மேல் டிரில் ஏறாது, இருந்த தலைவலி இரண்டாகிவிடும். என் வழி, உடைந்த முனைமேல் ஒரு அளவு பெரிய நட்டை வைத்து, நட்டின் நடுத்துளை வழியாக வெல்டிங் ராடை விட்டுப் பற்றவைப்பது. ஜிங்க் முலாம் போட்ட நட்டு வேண்டாம், புகை நெஞ்சுக்கு ஆகாது. சிவப்பு மறைந்து கறுப்பாகும்வரை காத்திருந்து, ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாக அரை அரை இழையாக ஆட்டுங்கள். முதல் நட்டு பிய்ந்தால் இரண்டாவதை வைத்துப் பற்றவையுங்கள், ஒவ்வொரு சூட்டிலும் துரு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எனக்கு ஒருமுறை ஐந்தாவது நட்டில் வந்தது. வெளியே வந்தபின் துளைக்குள் டேப்பை ஒருமுறை ஓட்டி, பொடியை ஊதிவிட்டுப் புது போல்ட்டைக் கையால் சுற்றுங்கள். கையால் கடைசிவரை போகவில்லையென்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.